நாடி பார்க்கத் திரை கற்பிக்குமா?

தாதித் தொழிலுக்குரிய கல்வி இருவகைப்படும். ஒன்று ஏட்டிற் கற்பது. மற்றது நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது. உடற்கூறும் மருந்தின் குணமும் முன்னதில் அடங்கும். நாடி பார்த்தல், ஊசி ஏற்றல், புண்ணுக்கு மருந்து கட்டுதல் ஆகியன பின்னதைச் சாரும். 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்று இவ்விரண்டையும் பிரித்துவிட்டது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த அவ்வாண்டினை, தாதியர்க்கும் மருத்துவ மாதர்க்கும் உரிய ஆண்டென உலக சுகாதார நிறுவனம் கொண்டாடியது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஊரடங்குச் சட்டமும் வந்தது. தாதியியல் விரிவுரைகள் இணையவழியே நடைபெறலாயின.

நகரத்து மாணவிக்கு இது சங்கடம். ஹட்டன், நுவரெலியாத் தோட்டத்து மாணவிக்கோ பெருஞ் சோதனை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் அன்று 700 ரூபா. அவ்வருவாயில் கைத்தொலைபேசி வாங்குவதே பெரும்பாடு. வாங்கினாலும் அலை கிடைக்க வேண்டுமே! தொலைபேசி அலைகளை இடையில் நிற்கும் மலை தடுத்துவிடும். பள்ளத்தாக்கிலுள்ள லயத்தில் குரல் வந்தாலும் படம் நின்றுவிடும்.

இது மாணவி ஒருத்தியின் நட்டம் மட்டுமா? டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே 12ஆம் திகதி, சர்வதேசத் தாதியர் தினத்தன்றே, திறக்கப்பட்டது. இத்தகைய வைத்தியசாலைக்கு வரும் தோட்டத்து மூதாட்டி தன் நோவைத் தமிழிலேதான் சொல்வாள். அதனை உணரும் தாதியர் மலையகத்துக்கு மிகுதியாக வேண்டும்.

இணையவழிக் கல்வியை நாம் வெறுப்பதற்கில்லை. பதிவு செய்த விரிவுரையை, அலை கிடைக்கும் வேளையில் இறக்கி வைத்து, பின்னர் பலமுறை கேட்கலாம். எழுத்திலே பாடக் குறிப்பும் அனுப்பினால் பின்தங்கியோர்க்கு அது பேருதவி. எனினும், குருதியமுக்கம் அளப்பதைப் படத்திற் கண்டால் மட்டும் போதாது. கைப்பட்டி தளரும்போது துடிப்பொலி எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பதைத் தன் காதாலே கேட்டுப் பழக வேண்டும். ஆகவே, நோயாளர் விடுதியில் இழந்த நாட்களை விடுதியிலேயே ஈடுசெய்தல் அவசியம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: உங்கள் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். நாளை நம்மவர் நோயுற்றுக் கிடக்கையில், நம் மொழியிலே ஆறுதல் கூறப்போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.