உங்களுக்குத் தெரியுமா? கைக்காசில் ஒரு தொலைநோக்கி

கலிலியோ 1609-இல் எழுதிய கடைச்சாமான் பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது. தமக்கு வந்த கடிதத் தாளிலேயே குறித்துக்கொண்டார். கொண்டைக்கடலை, அரிசி, சோப்பு, மகனுக்குத் தொப்பி; கூடவே இரண்டு பீரங்கிக் குண்டுகள், ஆர்கன் வாத்தியத்தின் தகரக் குழாய்! லென்ஸ் தேய்க்கக் குண்டு, தொலைநோக்கிக்குக் குழாய் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

நமக்குக் குண்டு வேண்டாம். கண்ணாடிக் கடையில் வெட்டாத பிளஸ் 1 பவர் லென்ஸ் ஒன்று போதும். 100-ஐப் பவரால் வகுத்தால் குவியத் தூரம் சென்டிமீட்டரில் வரும்; பிளஸ் 1 என்றால் 100 செ.மீ. கண் வைக்கும் பக்கத்துக்கு, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். அதன் குவியத் தூரம் 5 செ.மீ. என்றால், 100-ஐ 5-ஆல் வகுக்க, 20 மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 105 செ.மீ. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிவிசி பைப்புகளில் பொருத்திவிட்டால், இழுத்துத் தள்ளிப் படத்தைத் தெளிவாக்கலாம். பைப்பின் உட்புறம் கறுப்பாக இருக்கட்டும்.

முன் லென்ஸைக் கறுப்பு அட்டையால் மூடி, நடுவில் இரண்டரை செ.மீ. அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். காசு கொடுத்து வாங்கியதை மூடுவானேன்? ஒற்றை லென்ஸால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. திறப்பு பெரிதானால் நிலவைச் சுற்றி வண்ண விளிம்பு கட்டும், படமும் மங்கும். கலிலியோவும் தம் லென்ஸ்களை ஓரங்களில் மூடித்தான் வைத்திருந்தார்.

படம் தலைகீழாகத்தான் தெரியும். வானத்தில் அதனால் நஷ்டமில்லை. வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் கிடைக்கும். நம் நிலவின் பள்ளங்களைப் பார்க்கப் பௌர்ணமியைவிட வளர்பிறை அஷ்டமியே மேல். நிழல் விழுந்தால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும். கையில் பிடித்துப் பார்த்தால் நடுக்கமும் 20 மடங்காகிவிடும். நல்ல ஸ்டாண்டு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வை போய்விடும்.

முன் லென்ஸுக்குப் பதில் குழி ஆடி வைத்த தொலைநோக்கியும் உண்டு. அந்த ஆடியையும் கையாலேயே செய்யலாம். இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே கரகரப்புத் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது குவியும். அச்சு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆடியின் வளைவில் பிழை பார்க்க, 1858-இல் இயற்பியலாளர் ஃபூக்கோ சொன்ன முறைக்கு ஒரு விளக்கும் சவர பிளேடும் போதும். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். இசைக் கலைஞரான வில்லியம் ஹெர்ஷல் 1781-இல் யுரேனஸைக் கண்டது, தாமே வார்த்துத் தேய்த்த உலோக ஆடியில்தான்.

ஜான் டாப்சன், கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக இருந்தவர். கையில் காசில்லை. கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, வழுக்கி நகர டெஃப்லான் துண்டு. மடத்துக்குத் தெரியாமல் நடந்த வேலை என்பதால், கடிதங்களில் தொலைநோக்கியை ஜெரேனியம் செடி என்றே எழுதினார். 1967-இல் மடத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில், போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாக வானம் காட்டும் குழு உருவாயிற்று. தம் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. ‘டாப்சோனியன்’ என்று கடைகளில் இன்று விற்பது அதைத்தான்.