ரப்பர் பூதம் வருது... ஓடுங்க!

குட்டீஸ்... திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ஊருக்குள் யாரோ ஒரு பெரிய திண்டைப் போட்டு வைத்தது போல, மொழுமொழு என்று ஒரே பாறை! அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்து ஒரு தலை மெதுவாக எழும்புகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கரடுமுரடான தோல். பஸ் நுழைகிற அளவுக்கு வாய். 'கர்ர்ர்...' என்று காதைக் கிழிக்கும் உறுமல். கீழே பூட்டு வாங்க வந்தவர், பிரியாணி சாப்பிட வந்தவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரே ஓட்டம்!

இது நான் சும்மா அளந்துவிட்ட கதை இல்லை. 1954ல் ஜப்பானில் வெளியான, 'காட்ஜில்லா' படத்தில் அந்த ராட்சத ஜந்து முதன்முதலில் முகம் காட்டுவது இப்படித்தான். ஓடோ என்ற தீவில், ஒரு குன்றுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டும். நம் மலைக்கோட்டை மட்டும் கிடைத்திருந்தால், இன்னும் ஜோராக எடுத்திருப்பார்கள்!

அந்த ஜந்துவின் வயிற்றுக்குள் ஒரு மனிதர் நின்று கொண்டிருந்தார். ஆமாம்! கனமான ரப்பர் உடையை மாட்டிக் கொண்டு, பொம்மை வீடுகளை மிதித்துத் தள்ளியது அவர்தான். இந்த மாதிரி ரப்பர் பூதங்களும், அவற்றோடு கட்டிப் புரளும் சூப்பர் ஹீரோக்களும் ஜப்பான் சினிமாவிலும் டிவியிலும் ஏராளம். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். 'சீ... கிராபிக்சே சரியில்லை!' என்று உடனே சேனலை மாற்றி விடாதீர்கள். இதைப் பார்ப்பதற்கு என்று ஒரு வழி இருக்கிறது.

கடிகாரத்தில் பேசிய பையன்

உங்கள் அப்பா, அம்மாவோ, மாமாவோ 1980களில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்களா? அப்படியானால், 'ஜயன்ட் ரோபோட்' என்று அவர்கள் காதில் சொல்லிப் பாருங்கள். டக்கென்று கையைத் தூக்கி, கடிகாரத்தில் பேசுவது போல நடித்துக் காட்டினாலும் காட்டுவார்கள்!

அப்போது நம் நாட்டில் இருந்த ஒரே டிவி, தூர்தர்ஷன். எல்லார் வீட்டிலும் டிவி கிடையாது. இருக்கிற வீட்டில் தெருவே கூடும். திண்டுக்கல் பக்கத்தில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலையைப் பார்த்துத் திருப்பி வைப்பது வழக்கம். தூர்தர்ஷன் கோபுரம் அங்கேதான் இருந்தது. காற்றடித்து ஆன்டெனா திரும்பி விட்டால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். ஒருவர் மாடியில் ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து, 'தெரியுது... தெரியுது... ஐயோ, போச்சு!' என்று கத்துவார். அந்தத் தூர்தர்ஷனில் வந்து பிள்ளைகளைக் கட்டிப் போட்ட தொடர்களில் ஒன்றுதான், ஜயன்ட் ரோபோட்.

இதன் பிறப்பு ஒரு படக்கதையில். வரைந்தவர், மிட்சுதெரு யோகோயாமா என்ற ஜப்பான் ஓவியர். ராட்சத ரோபோவை ஒரு பையன் இயக்குவது என்ற யோசனையை, 1956லேயே வேறொரு படக்கதையில் அவர் செய்து பார்த்திருந்தார். 1967ல், 'ஜயன்ட் ரோபோ' கதை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், தோயெய் நிறுவனம் அதை நிஜ நடிகர்களை வைத்து டிவி தொடராக எடுத்தது. மொத்தம் 26 வாரம். 1969ல் அமெரிக்கர்கள் அதற்கு ஆங்கிலக் குரல் கொடுத்து, பையனுக்கு ஜானி சோக்கோ என்று பெயரும் மாற்றி விட்டார்கள்.

கதை இதுதான். வேறு கிரகத்தில் இருந்து கில்லட்டின் என்ற பேரரசன் வந்து, நம் கடலுக்கு அடியில் விண்கலத்தோடு ஒளிந்து கொள்கிறான். பூமியைப் பிடிக்க ஒரு ராட்சத ரோபோவை ரகசியமாகச் செய்ய வைக்கிறான். அணுகுண்டு வெடித்தால்தான் அதற்கு உயிர் வரும். முதலில் யார் குரல் பதிவாகிறதோ, அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும். வில்லன் குரல் பதிவாகும் முன், அங்கே வந்து மாட்டிக் கொண்ட ஜானியின் குரல் பதிவாகி விடுகிறது! அப்புறம் என்ன... எகிப்து மன்னர் சிலை மாதிரி தலை வைத்த அந்த ரோபோ, சின்னப் பையனின் கைக்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. விரல்களில் இருந்து ஏவுகணை விடும். முதுகில் நெருப்பைக் கக்கிக் கொண்டு பறக்கும்.

வாரம் ஒரு ஜந்து அதனோடு மோதும். கடல் பூதம் வரும். உருண்டு வரும் ராட்சதப் பந்து வரும். வளர்ந்து கொண்டே போகும் செடி வரும். ஒரு வாரம், உடம்பே இல்லாமல் ஒரு ராட்சதக் கண் மட்டும் வரும். எனக்கு அந்தக் கண்ணைத்தான் ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு மெனக்கெட்டு வில்லனாகி, ஒரு கண்ணை மட்டும் அனுப்புகிறானே!

1970ல் இந்த 26ல் சிலவற்றை வெட்டி ஒட்டி, 'வாயேஜ் இன்டு ஸ்பேஸ்' என்று முழு நீளப் படமாகவும் ஆக்கினார்கள். தனித்தனி வாரத்துக் கதைகளை ஒட்டினால் எப்படி இருக்கும்? ஒரு பூதம் செத்து விழுந்ததும் அடுத்த பூதம் ரெடி! மூச்சுவிட நேரம் இல்லை.

சிரிக்க வேண்டிய இடமும் உண்டு. நடிகர்களின் வாய் ஜப்பான் மொழிக்கு அசையும். குரலோ ஆங்கிலத்தில் வரும். வாய் மூடிய பிறகும் பேச்சு ஓடிக் கொண்டிருக்கும். ரோபோவுக்கும் பூதத்துக்கும் வாயே அசையாது என்பதால், அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை!

உள்ளே இருந்தவர் பட்ட பாடு

காட்ஜில்லாவின் தந்திரக் காட்சிகளை உருவாக்கியவர், எய்ஜி சுபுராயா. 1933ல் வந்த, 'கிங்காங்' படத்தைப் பார்த்து அசந்து போனவர் இவர். அந்தக் குரங்கு ஒரு சின்ன பொம்மை. அதை இம்மி இம்மியாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் ஒரு படமாக எடுத்திருந்தார்கள். காட்ஜில்லாவையும் அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டார் சுபுராயா. 'அவ்வளவு நாள் யார் காத்திருப்பது? ஆளை உள்ளே விடு!' என்று முடிவாகி விட்டது.

உள்ளே போனவர், ஹருவோ நகாஜிமா. முதல் உடையின் எடை சுமார் 100 கிலோ! ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. இரண்டு மூட்டையைச் சட்டையாகப் போட்டுக் கொண்டு நடப்பது போல. சில அடி தூரம் நடப்பதற்குள் மூச்சு முட்டி விடும். உடைக்குள் தேங்கிய வியர்வையைக் கோப்பையில் வடித்து எடுத்திருக்கிறார்கள். பெரிய மிருகம் எப்படி நடக்கும் என்று தெரிந்து கொள்ள, இவர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக் கொண்டே நிற்பாராம். 1972 வரை இவரே காட்ஜில்லாவாக நடித்தார். 2017ல், 88வது வயதில் காலமானார்.

இவ்வளவு வெக்கை ஏன் தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

50 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு கல் விழ, 3 விநாடிக்கு மேல் ஆகும். 2 மீட்டர் உயரத்தில் இருந்து விழ, 0.6 விநாடி போதும். கதையில் காட்ஜில்லா 50 மீட்டர். உடை போட்ட மனிதரோ 2 மீட்டர். அவர் தட்டிவிடும் பொம்மைக் கட்டடம், 'பொத்'தென்று நொடியில் விழுந்தால் நம் மூளை, 'இது பொம்மை' என்று காட்டிக் கொடுத்து விடும். அதனால் கேமராவை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டிப் படம் எடுத்து, சாதாரண வேகத்தில் திரையில் காட்டுவார்கள். கட்டடம் ஆடி அசைந்து, மெல்லச் சரியும்! ஆனால், கேமரா வேகமாக ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறையும். அதற்காக இன்னும் இன்னும் விளக்கு போடுவார்கள். அத்தனை சூடும் ரப்பருக்குள் நிற்கும் மனிதர் தலையில்தான்.

இனி இந்தப் படங்களில் கட்டடம் இடிகிற காட்சி வந்தால், தூசியையும் தண்ணீரையும் கவனியுங்கள். தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது அல்லவா? கடல் பூதம் எழும்போது தெறிக்கிற துளி, அதன் மூக்கு அளவுக்கு இருக்கும். மாட்டிக்கிச்சு!

செலவைக் குறைக்க இவர்கள் செய்த வேலை இன்னும் வேடிக்கை. 1966ல் சுபுராயாவின் நிறுவனம், 'அல்ட்ராமேன்' தொடரை எடுத்தது. 40 மீட்டர் உயர ஹீரோ. பூமியில் மூன்றே நிமிஷம்தான் சண்டை போட முடியும். மார்பில் விளக்கு மினுக்கினால், நேரம் முடியப் போகிறது என்று அர்த்தம். அதில், 'ஜிராஸ்' என்று ஒரு பூதம் கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்போடு வரும். அது வேறு யாரும் இல்லை... பழைய காட்ஜில்லா உடையின் கழுத்தில் ஒரு விசிறியைச் சுற்றி விட்டார்கள்! உள்ளே இருந்ததும் அதே நகாஜிமாதான். சண்டையில் அந்த விசிறியைப் பிய்த்து எறிவார் அல்ட்ராமேன். நம் பாட்டி பழைய புடவையில் பாவாடை தைத்துக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

'பவர் ரேஞ்சர்ஸ்' பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. முகமூடி போட்டுச் சண்டை போடுகிறவரும், முகமூடி கழற்றிப் பேசுகிறவரும் ஒருவரேதானா? இல்லை! 1992ல் ஜப்பானில் வந்த, 'ஜூரேஞ்சர்' தொடரின் சண்டைக் காட்சிகளை வாங்கி, இடையில் அமெரிக்கப் பிள்ளைகள் பேசும் காட்சிகளைச் சேர்த்து, 1993ல் பவர் ரேஞ்சர்ஸ் ஆக்கினார்கள். உதைப்பது ஜப்பானில், உதைத்து முடித்துச் சிரிப்பது அமெரிக்காவில்!

பழநியில் பார்த்ததுதானே!

'பொம்மை என்று தெரிந்த பிறகு என்ன ரசிப்பது?' என்று கேட்கிறீர்களா? கந்த சஷ்டிக்குப் பழநி கிரிவீதியில் சூரசம்ஹாரம் பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். ஆனைமுகத் தாரகாசூரன் வருகிறான், சிங்கமுகன் வருகிறான், கடைசியில் சூரபத்மன். எல்லாம் பொம்மை என்று கூட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும், வேல் வந்து தலை விழும்போது எழுகிற, 'அரோகரா!' நிஜம்தானே? பொய்க்கால் குதிரை ஆடுகிறவருக்கு, இடுப்புக்குக் கீழே மரக்கால்கள் தெரிகின்றன. 'குதிரைக்கு ஏன் நாலு கால் இல்லை?' என்று யாராவது சண்டை பிடிக்கிறோமா? துள்ளலைப் பார்க்கிறோம். அதே கண்ணோடு ரப்பர் பூதத்தையும் பாருங்கள்.

நீங்களே ஒரு பூதப் படம் எடுக்கலாமே! வீட்டில் கிடக்கும் தீப்பெட்டி, பற்பசை அட்டைப்பெட்டி, பிரியாணி பார்சல் டப்பா எல்லாவற்றையும் வைத்து, மொட்டை மாடியில் ஒரு தெரு கட்டுங்கள். ஜன்னல், கதவு, கடைப்பலகை எல்லாம் வரைய வேண்டும்; அதில்தான் பாதி உயிர். பெரியவர்களிடம் கேட்டு, 'ஸ்லோ மோஷன்' வசதி உள்ள செல்போனைத் தரையோடு தரையாக, எறும்பு பார்க்கிற உயரத்தில் வையுங்கள். மேலே இருந்து எடுத்தால் குட்டு வெளிப்பட்டு விடும். பூதமாக வருகிறவர், தம்பியோ தங்கையோ, மெதுவாகக் காலைத் தூக்கி வைக்கட்டும். முகத்தைக் காட்டாதீர்கள். முதலில் கால் மட்டும். பின்னணியில் வெறும் வானம் இருந்தால் போதும். வாட்டர் டேங்க் தெரிந்தால் காரியம் கெட்டது.

ஜயன்ட் ரோபோட் கடைசி வாரம் பற்றிச் சொல்லவில்லையே... கில்லட்டின் ராட்சத உருவம் எடுத்து வருகிறான். அவன் உடம்பு முழுக்க அணுசக்தி. சுட்டால் அவனோடு பூமியும் வெடித்துப் போகும். எல்லாரும் கையைப் பிசைந்து கொண்டு நிற்கிறார்கள். ஜானிக்கும் என்ன கட்டளை கொடுப்பது என்று தெரியவில்லை. அதுவரை சொன்னதை மட்டுமே செய்து வந்த ரோபோ, முதல் முறையாகச் சொல்லாமல் நகர்கிறது. கில்லட்டினை இறுக்கிப் பிடித்துக் கொண்டு, வானத்தில் ஏறுகிறது. ஜானி கடிகாரத்தில், திரும்பி வரச் சொல்லிக் கத்துகிறான். அவன் குரலுக்கு மட்டுமே கட்டுப்பட்ட ரோபோ, அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்கவில்லை. விண்வெளியில் ஒரு விண்கல்லோடு மோதி, இருவரும் வெடித்துச் சிதறுகிறார்கள்.

ரப்பர் உடைதான், உள்ளே ஒருவர் வியர்த்துக் கொண்டு நின்றார்தான். ஆனாலும், அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து யார் யார் அழுதார்கள் என்று உங்கள் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். 'நானா? அழவே இல்லை' என்பார். நம்பாதீங்க!