சாக்சபோன் சொன்ன சாட்சியம்

தோழர்களே, ஜான் கோல்ட்ரேனை ஜாஸ் மேதை என்று மட்டும் அறிந்தால் நாம் பாதியைத்தான் அறிகிறோம். 1926இல் வட கரோலினாவில் பிறந்த அவருடைய தாத்தாக்கள் இருவரும் கறுப்பர் திருச்சபையின் போதகர்கள். தேவாலயப் பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் அவருடைய சாக்சபோனில் குடியிருந்தது.

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், வெள்ளை இனவெறியர்கள் தேவாலயத்தில் வைத்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது. இரண்டே மாதங்களில் கோல்ட்ரேன் ‘அலபாமா’ என்ற இசையைப் பதிவு செய்தார். அதில் பாடல் வரி கிடையாது. தலைப்பே குற்றப்பத்திரிகை.

அவர் 1967இல், 40 வயதில் இறந்தார். அந்தக் கொலைகளுக்கு முதல் தண்டனை கிடைத்தது 1977இல். நீதிமன்றம் வாய் திறப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பே ஒரு கலைஞர் சாட்சி சொல்லிவிட்டார். கலையைப் போராட்டத்தின் ஓய்வுநேரமாக எண்ணும் நாம் இதை மறக்கலாகாது.