39 கையெழுத்துகள்!

"சட்டம் செய்தவர்களின் கருத்து அதுதான்!"

ஒரு மனிதனை மீண்டும் அடிமைத் தளையில் பூட்ட, இந்த ஒரு வாசகம் போதுமா? போதும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1857-ல்.

டிரெட் ஸ்காட் ஒரு கறுப்பர், அடிமை. அடிமை முறை தடுக்கப்பட்ட மண்ணில் எஜமானனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். "அந்த மண்ணில் வாழ்ந்த பிறகும் நான் அடிமையா?" என்று வழக்காடினார். தலைமை நீதிபதி டானி தீர்ப்புக் கூறினார்: அரசியல் சட்டம் ஆக்கியோர் கறுப்பரைக் குடிமக்களாகக் கருதவே இல்லையாம்; ஆகவே வழக்குத் தொடுக்கவே ஸ்காட்டுக்கு உரிமை இல்லையாம்; புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் இல்லையாம்!

செத்தவர்கள் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்கள்? அந்தத் துணிவு! ஆனால் செத்தவர்கள் ஏடுகளை விட்டுச் சென்றிருந்தார்கள். தீர்ப்பை ஏற்க மறுத்த இரு நீதிபதிகளில் ஒருவரான கர்ட்டிஸ் அவற்றைப் புரட்டினார். சட்டம் பிறப்பதற்கு முன்பே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்குரிமை பெற்றிருந்ததை எடுத்துக் காட்டினார். வாக்களித்தவன் மக்களில் ஒருவன் இல்லையென்றால், வேறு யார்தான் மக்கள்?

அடுத்து வந்தார் ஆபிரகாம் லிங்கன். 1860 பிப்ரவரி 27, நியூயார்க், கூப்பர் யூனியன் மண்டபம். ஆவேசப் பேச்சல்ல, கணக்குப் பேச்சு! 1787-ல் பிலடெல்பியாவில் சட்டத்தில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். இந்தப் பிரதேசப் பிரச்சினை வந்தபோதெல்லாம் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பழைய ஏடுகளில் ஒவ்வொருவராகத் தேடினார். 23 பேரின் சான்று கிடைத்தது. அதில் 21 பேர், தடுக்க அதிகாரம் உண்டு என்ற பக்கம்! வடமேற்குப் பிரதேசத்தில் அடிமை முறையைத் தடுத்த ஏற்பாட்டை நிலைநிறுத்தி 1789-ல் வந்த சட்டத்தில் ஒப்பமிட்டவர் யார்? பிலடெல்பியா மன்றத்துக்குத் தலைமை தாங்கிய அதே வாஷிங்டன்!

சங்கத்தில் தகராறு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "தலைவர் மனத்தில் இப்படித்தான் நினைத்தார்" என்று எவனோ சொன்னால் ஒப்புகிறோமா? "எடு தீர்மானப் புத்தகத்தை!" என்கிறோம். லிங்கன் செய்ததும் அதுவே.

எல்லா ஏடும் ஒரே எடை உடையவை அல்ல, தோழர்களே! ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள், சட்டத்தை ஏற்கும்படி நியூயார்க் மக்களிடம் வாதாடியவை. மக்களுக்கு என்ன சொல்லி ஒப்புதல் கேட்டார்கள் என்பதற்கு அவை நல்ல சாட்சி. ஆனால் ஒரு கட்சியின் வாதம். மேடிசனின் மன்றக் குறிப்புகளோ, கதவடைத்து நடந்த பேச்சின் பதிவு. அவர் 1836-ல் மறைந்து, 1840-ல்தான் அச்சேறின. ஒப்புதல் தந்த மக்கள் கண்ணால் காணாதவை! மனிதனை மனிதன் உடைமையாக்கலாம் என்ற எண்ணம் சட்டத்தில் ஏறக்கூடாது என்று அவர் பேசியது அதில் இருக்கிறது. அவர் வீட்டிலோ அடிமைகள் இருந்தார்கள்!

அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, பேச்சாளராய் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், 1860-ல் கிளாஸ்கோவில் இதைத்தான் இடித்துரைத்தார். மறைவில் பேசியதைப் பார்க்காதீர். மக்கள் ஏற்ற எழுத்தைப் பாருங்கள். அதில் 'அடிமை' என்ற சொல்லே இல்லையே என்றார். சொல் இல்லை, உண்மை. ஆனால் பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் விதி அங்கே பதுங்கி இருந்தது. அதையும் நாம் மறைக்கக் கூடாது.

ஆகவே முதலில் சட்டத்தின் சொல். அடுத்து, மக்கள் முன் சொன்ன விளக்கம். அதற்குப் பின் செய்த செயல். கடைசியில்தான் மறைவில் பேசிய பேச்சு. இந்த வரிசையில் படித்தால் முன்னோர் எழுத்து நமக்கு விளக்கு. வேண்டியதை மட்டும் கிள்ளி எடுத்தால் அது விலங்கு.

படித்துப் படித்தும் தீராத பிழையை என்ன செய்வது? திருத்துவது! அதற்கும் வழி வைத்துத்தான் சட்டம் எழுதினார்கள். உள்நாட்டுப் போரின் குருதிக்குப் பிறகு, 1865-ல் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் 14-ஆவது திருத்தம், அம்மண்ணில் பிறந்தவர் குடிமக்களே என்று எழுதி டானியின் தீர்ப்பைத் துடைத்தெறிந்தது.

"முன்னோர் கருத்து" என்று நாளை எவர் முழங்கினாலும் மிரள வேண்டாம். எங்கே சொன்னார்? யாரிடம் சொன்னார்? சொன்னவர் செய்தது என்ன? கேட்போம், ஏட்டைத் திறக்கச் சொல்வோம்!