இருக்கையும் சமூகமும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் மடம், சுமைதாங்கி, கேணி, ஆவுரோஞ்சிக்கல் ஆகியன அருகருகே அமைந்திருந்தமை நோக்கற்பாலது. களைத்தவர் மடத்தில் இளைப்பாறினர். சுமந்து வந்தோர் பிறர் உதவியின்றிச் சுமையிறக்கினர். மாடுகள் நீரருந்திக் கல்லில் உரோஞ்சித் தினவு தீர்த்தன.

எனினும் இதனைப் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது. மாட்டின் தினவை உணர்ந்த அச்சமூகத்தின் உயர்சாதியினரே, 1930ஆம் ஆண்டை அண்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட்டபோது அதனை வன்மையாக எதிர்த்தனர். இலண்டனின் கம்டன் நகரசபை 2012இல் நிறுவிய சரிவான கொங்கிறீற்று இருக்கையோ, வீடற்றோர் படுத்துறங்காவண்ணம் வடிவமைக்கப்பட்டது. சாதி அன்று செய்ததை அங்கு வடிவமே செய்கிறது.

எனவே, முதியோர் பற்றியெழக் கைப்பிடி, சக்கர நாற்காலிக்கு இடம், விலங்குகளுக்கு நிழலும் தாழ்ந்த நீர்த்தொட்டியும் என்பன வேண்டப்படும்போதே, யார் விலக்கப்படுகின்றனர் என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும்.