நேயர் அழைப்பொலியும் மாத்திரையும்: இணையத் தொலைபேசியை வானொலிக் கலையகத்தோடு இணைக்கும் முறை

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலிக்கத் தொடங்கியது. அதன்பின் தமிழகத்தில் இத்தகைய நிலையங்கள் பல தோன்றின. நேயர்கள் தொலைபேசி வழியே பங்கேற்கும் நேரலை நிகழ்ச்சிகள் இவற்றின் உயிர்நாடி. எழுதிப் படிக்காத, ஒத்திகை பாராத பேச்சு இவற்றில் பதிவாவதால் வட்டார வழக்கையும் உரையாடலையும் ஆய்வோர்க்கு இவை அரிய தரவுகளாகும். செம்புக் கம்பி இணைப்பின் இடத்தை இணையத் தொலைபேசி பிடித்துவரும் இக்காலத்தில், அதனைக் கலையகக் கருவியோடு எவ்வாறு இணைப்பது என்பதைப் பொறியாளர் பொறுப்பென்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பேச்சின் எக்கூறு பதிவில் எஞ்சும் என்பதை அவ்விணைப்பே தீர்மானிக்கிறது என்பதால் இஃது ஒலியனியலாரின் பொறுப்புமாகும்.

கலையகத்தில் அழைப்பு

பழைய தொலைபேசி இணைப்பில் பேசும் ஒலியும் கேட்கும் ஒலியும் ஒரே இணைக்கம்பியில் செல்லும். கலையகத்திற்கோ இவ்விரண்டும் தனித்தனியே வேண்டும். இப்பிரிப்பைச் செய்யும் கருவியே தொலைபேசி ஹைப்ரிட். தொகுப்பாளர் குரலின் எச்சம் நேயர் ஒலிப்பாதையில் கசிந்தால் அவர் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். நேயர்க்கு அனுப்பும் ஒலியில் அவர் குரல் மட்டும் நீங்கலாக ஏனைய அனைத்தும் இருத்தல் வேண்டும். ஒலிக்கலவை மேசையில் இவ்வாறு அமைப்பதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பர். இதில் பிழை நேர்ந்தால் நேயர் தம் குரலையே சற்றுத் தாமதமாகக் கேட்டுத் தடுமாறுவார். அவ்வாறு தடுமாறிய பேச்சைத் தயக்கம் என்றோ திக்கல் என்றோ வகைப்படுத்துவது பொருந்தாது.

இணைக்கும் இரு வழிகள்

முதல் வழி, இணைய அழைப்பை அடாப்டர் ஒன்றால் பழைய தொலைபேசி இணைப்பாக மாற்றி, இருக்கும் ஹைப்ரிட்டிலேயே செருகுவது. செலவு குறைவு, சிறு நிலையங்கள் நாடுவது இயல்பே. ஆயினும் இதில் ஒரு முரண் உண்டு. இணையத்தில் இருதிசை ஒலியும் முன்னரே பிரிந்து வருகின்றன. அடாப்டர் அவற்றைக் கம்பியில் கலக்கிறது. ஹைப்ரிட் மீண்டும் பிரிக்க முயல்கிறது. இரு கருவிகளின் மின்மறுப்பும் பொருந்தாவிடின் பிரிப்பு முழுமை பெறாது. இணையப் பாதையின் தாமதமும் சேர எதிரொலி தெளிவாகக் கேட்கும். நேயர் தொலைபேசியை வைத்தபின் அடாப்டர் கம்பி மின்னோட்டத்தைச் சற்றே துண்டித்தாலொழிய, அழைப்பு முடிந்ததைச் சில ஹைப்ரிட்டுகள் உணர்வதில்லை. அதனால் வெற்றொலியும் வானில் ஏறும்.

இரண்டாம் வழி, ‘சிப்’ எனும் அழைப்பு நெறிமுறையை நேரடியாக ஏற்கும் கருவி. இங்குக் கம்பிக் கலப்பே இல்லை. புதிதாக வாங்கும் நிலையங்களுக்கு இதுவே தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து.

எஞ்சும் ஒலிகளும் இழக்கும் ஒலிகளும்

தொலைபேசி ஒலியின் அலைவெண் எல்லை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. ஜி.711 எனும் குறிமுறை ஒலியை நொடிக்கு 8000 மாதிரிகளாகப் பதிந்து 64 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது. பொதித்தலைப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 80 கிலோபிட் வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் ரகர ழகரங்களை ஓரிடத்தும் லகர ளகரங்களை அடுத்த இடத்தும் வைத்து விளக்குகிறார். ழகரத்தைப் பிரித்துக் காட்டும் தாழ்ந்த மூன்றாம் ஒலிச்செறிவு தொலைபேசி எல்லைக்குள் அடங்குவதே. எனவே, நல்ல ஜி.711 அழைப்பில் ழகரம் ளகரமாகக் கேட்பின் தொலைபேசியைக் குறைகூறிப் பயனில்லை!

சகரத்தின் நிலை வேறு. ‘சொல்லு’ என்பதன் முதலெழுத்தைச் சிலர் வெடிப்புரசொலியாகவும் சிலர் ஸகரம்போலவும் ஒலிப்பது வழக்காய்வில் முதன்மையான வேறுபாடு. ஸகர உரசலின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அது மங்கிப்போகிறது. 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் ஜி.722 இக்குறையைப் பெரிதும் நீக்கும். ஆயின் பாதை முழுவதும் அகன்ற அலைவரிசையாக இருத்தல் வேண்டும். இடையில் ஒரு கண்ணி குறுகியதாயினும் பயனில்லை. 8 கிலோபிட்டில் இயங்கும் ஜி.729 ஒலியை அப்படியே அனுப்பாது, குரல்வழியின் மாதிரியுருவைக் கணித்து அனுப்புவது. அதன்வழி வந்த பதிவில் நுண்ணிய ஒலிப்பு வேறுபாடுகளை அளப்பது தவிர்க்கத்தக்கது.

மாத்திரைக்கு நேரும் இடர்

குறில் நெடில் வேறுபாடும், ‘படு’, ‘பட்டு’ போன்ற சொற்களில் ஒற்று மிகுதலும் கால அளவைச் சார்ந்தவை. இணையத்தில் ஒலி, பெரும்பாலும் 20 மில்லிநொடிப் பொதிகளாகச் செல்கிறது. பொதிகள் சீராக வந்து சேராதபோது சில மென்பொருள்கள் தாங்ககத்தைத் தாமே விரித்தும் சுருக்கியும் ஒலியை நீட்டியோ குறுக்கியோ ஒலிக்கின்றன. தொலைந்த பொதியின் இடத்தில் முந்தைய ஒலியின் சாயலை இட்டு நிரப்புவதும் உண்டு. அவ்வாறாயின் பதிவில் நாம் அளக்கும் மாத்திரை பேசியவருடையதா, கருவியினுடையதா என்ற ஐயம் எழும். நீளும் உயிரொலியைவிடக் கணப்பொழுதில் முடியும் வெடிப்பொலிக்கே பொதி இழப்பால் ஆபத்து மிகுதி.

மௌனத்தின்போது ஒலி அனுப்பாமல் அலைவரிசையைச் சேமிக்கும் வசதியும் தீங்கு செய்யவல்லது. பேச்சு தொடங்கியதை அது சற்றுப் பிந்தி உணர்ந்தால் சொல்லின் முதல் வல்லினம் அறுபடும். தொகுப்பாளர் பேசுகையில் நேயர் ஒலியைத் தணிக்கும் ஹைப்ரிட்டின் இயல்போ உரையாடல் ஆய்வாளர்க்குப் பேரிழப்பு. ‘ம்’, ‘ஆமாங்க’, ‘அப்படியா’ எனக் குறுக்கே வரும் இசைவுச் சொற்கள் அதில் மறைந்துவிடுகின்றன. அப்பதிவைக் கொண்டு நேயர் அமைதியாகக் கேட்டார் என எழுதுவது தவறாகும்.

பதிவுக்கான ஏற்பாடு

அழைப்பொலியை ஆய்வுக்குச் சேமிக்க விரும்பும் நிலையம் மௌனத் தணிப்பை நீக்கி, ஜி.711 அல்லது ஜி.722 குறிமுறையை நிலைப்படுத்தி, தாங்ககத்தை மாறா அளவில் வைத்தல் நன்று. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது இயல்பான உரையாடலுக்குத் தக்கதென ஜி.114 பரிந்துரை கொள்கிறது. எனவே தாங்ககத்தை மிகப் பெரிதாக்குதலும் கூடாது. நேயர் குரலைத் தணிப்புக்கு முன்னரே தனித்தடத்தில் பதியலாம். முதல் வழியைப் பின்பற்றும் நிலையம் அத்தடத்தைக் கம்பியிலிருந்து எடுத்தால் தொகுப்பாளர் குரலும் கலந்தே கிடைக்கும். கம்பிக் கலப்புக்கு முன் இணையப் பக்கத்திலேயே எடுத்தல் வேண்டும். நேயரின் ஊர், வயது முதலிய விவரங்களைக் குறிக்கும் பதிவேட்டிலேயே, அவர் கைப்பேசியில் பேசினாரா, எக்குறிமுறையில் ஒலி வந்தது, எத்தனை பொதிகள் இழக்கப்பட்டன என்பவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும்.