கையெழுத்து வாங்கினால் போதுமா?

சீனாவில் தியான்ஜின் நகரத்தை அடுத்து பான்ஷான் என்றொரு மலை இருக்கிறது. பழைய கோயில்கள், அடர்ந்த மரங்கள், ஏறி இறங்க கேபிள் கார் என்று சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் இடம். 2007 ஜூன் மாதம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹாட்ச்கிஸ் என்ற உறைவிடப் பள்ளியிலிருந்து சீன மொழி படிக்க வந்திருந்த மாணவர்களை ஒரு வார இறுதியில் இந்த மலைக்கு அழைத்துப் போனார்கள். இறங்கும்போது ஆசிரியர்களும் பெரும்பாலான மாணவர்களும் கேபிள் காரில் வந்துவிட, சிலர் மட்டும் நடந்தே இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் 15 வயது மாணவி. கல் பாவிய பாதையை விட்டுச் செடிகொடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நுழைந்து, வழி தவறி, எப்படியோ கீழே வந்து சேர்ந்தார்கள். உடம்பில் பூச்சிக்கடி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் பத்து நாள் கழித்து அந்த மாணவிக்குத் தலைவலி, காய்ச்சல். பிறகு நினைவு குழம்பியது. உண்ணிக்கடியால் பரவும் மூளைக்காய்ச்சல் அது. உயிர் பிழைத்தார். பேச்சு போனது போனதுதான்.

குடும்பம் வழக்குப் போட்டது. 2013-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பு 4.15 கோடி டாலர் இழப்பீடு. மேல்முறையீட்டில் வழக்கு கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் பள்ளிக்கு, பூச்சிகளால் வரும் கடுமையான நோய்களைப் பற்றி எச்சரிக்கும் கடமை உண்டு என்று அந்த நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அடுத்த ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஜூரியின் தீர்ப்பை உறுதி செய்தது.

இழப்பீட்டுத் தொகையை விட்டுவிடுங்கள். என்னை உலுக்கியது வழக்கில் வெளிவந்த சின்னச் சின்ன விவரங்கள்தான். சீனாவின் வடகிழக்குக் காட்டுப் பகுதிகளில் இந்த நோய் உண்டு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் இணையப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய தாள்களில் சிடிசி இணைப்பு ஒன்றும் இருந்தது. ஆனால் அது சீனாவுக்கான பக்கம் அல்ல. மத்திய அமெரிக்காவுக்கான பக்கம். எடுத்துவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் பூச்சி விரட்டி மருந்தும் இருந்தது, 'இதர பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ். பயண நிரலில் பான்ஷான் பெயரும் இருந்தது. அங்கே காட்டுப் பாதை உண்டு, முழுக்கைச் சட்டை போடுங்கள், மருந்து பூசுங்கள், இறங்கியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கான தடுப்பூசி அமெரிக்காவில் கிடைக்கவில்லை. 2021-ல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. ஆகவே அந்த நாளில் இருந்த ஒரே தடுப்பு, அந்த நான்கு வாக்கியங்கள்தான்.

பெற்றோர் பயணத்துக்கு முன்பே, பள்ளியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்து பள்ளியைக் காப்பாற்றவில்லை.

இங்கேதான் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'ஐ.வி.' என்று மாணவர்கள் சொல்லும் தொழிற்சாலைப் பயணம் ஒரு காலத்தில் பெங்களூரு, கொச்சியோடு நின்றது. இப்போது சிங்கப்பூர், மலேசியா, துபாய், தாய்லாந்து வரை போகிறது. ஆய்வு மாணவர்கள் கருத்தரங்குக்குப் பறக்கிறார்கள். ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படித்துவிட்டு வருகிறார்கள். 2023-ல் ஐஐடி மெட்ராஸ் சான்சிபாரில் ஒரு வளாகமே திறந்துவிட்டது. அனுப்பும் இடத்தில் இன்று நாமும் இருக்கிறோம். ஆனால் பயணத்துக்கு முன் பெற்றோரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரு தாள்: 'என் மகனை என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன். எது நேர்ந்தாலும் கல்லூரி நிர்வாகம் பொறுப்பல்ல.' அந்தத் தாளுக்கு மறுபக்கமாக, மகன் போகும் ஊரைப் பற்றி நிர்வாகம் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கங்கள் எங்கே?

இந்திய நீதிமன்றங்களும் நிறுவனத்தின் கடமையை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கிய ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, மின் வாரியத்தோடு கல்லூரியும் அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருந்தது. அது உள்நாட்டுப் பயணம்தான். கல்லூரியின் பெயரில் கூட்டிப் போனால் கல்லூரிக்குக் கடமை உண்டு என்ற நியாயம் குடியேற்றச் சோதனையைத் தாண்டியதும் காணாமல் போய்விடுமா என்ன?

கல்லூரி மாணவர்கள் 18 வயது தாண்டியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் அல்ல, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு. சட்டமும் பெரியவர்கள் விஷயத்தில் நிறுவனத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றுவதில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் மாணவர்தான் என்றால், அவர் கையில் தகவல் இருந்தாக வேண்டும் என்பதுதானே அதன் அடுத்த வரி? தெரியாமல் எடுத்த முடிவுக்கு அவரைப் பொறுப்பாளி ஆக்குவது நியாயமல்ல.

அப்படியென்றால் எதைச் சொல்ல வேண்டும்? எல்லோரும் முதலில் பயப்படுவது குண்டுவெடிப்புக்கும் புதுப் புது வைரஸ்களுக்கும். ஆனால் ஆரோக்கியமான பயணிகள் வெளிநாட்டில் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களில் சாலை விபத்து நிற்கிறது; நீரில் மூழ்குவதும் அதே வரிசையில் வருகிறது. 1996 மார்ச்சில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் கப்பலிலேயே உலகம் சுற்றிப் படிக்கும் திட்டமொன்றில் வந்த அமெரிக்க மாணவர்கள் நால்வர், ஆக்ரா நோக்கி இரவில் போன பேருந்து கவிழ்ந்து நம் மண்ணில் இறந்தார்கள். 2016 மார்ச் 20 அன்று ஸ்பெயினில், வலென்சியாவின் ஃபாயாஸ் திருவிழா பார்த்துவிட்டு விடியற்காலையில் பார்சிலோனா திரும்பிக்கொண்டிருந்த பரிமாற்ற மாணவிகள் 13 பேர் ஃப்ரெஹினால்ஸ் அருகே பேருந்து விபத்தில் இறந்தார்கள். இரண்டிலும் இரவுப் பயணம். அதனால்தான் இரவுப் பேருந்து கூடாது, மாணவர்கள் வாடகை ஸ்கூட்டர் எடுக்கக் கூடாது, ஓட்டுநருக்கு ஓய்வு நேரம் எழுத்தில் வேண்டும் என்றெல்லாம் சில பல்கலைக்கழகங்கள் விதி வைக்கின்றன. நம்மவர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பகுதி, அமீரகம் ஆகிய இடங்களில் வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. சாலையைக் கடக்கும்போது வலப்பக்கம் முதலில் பார்க்கும் நம் பழக்கம் அங்கே ஆளைக் கொல்லும்.

மருந்துப் பெட்டியும் சிக்கலானதுதான். கவனக்குறைவு நோய்க்கு அமெரிக்காவில் எழுதிக் கொடுக்கப்படும் ஆம்ஃபெடமைன் வகை மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ட்ரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் குற்றம். அம்மா குருமாவுக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கசகசாவும் அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைப்பட்டியலில் இருக்கிறது. இதை ஒரு மாணவர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடமிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. துறை அலுவலகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். மனநலத்துக்கு மாத்திரை எடுக்கும் மாணவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. வெளியில் தெரிந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று மறைப்பார்கள். சிலர் ஊர் மாறும் உற்சாகத்தில் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தகவலைத் தேர்வுக் குழு பார்க்காது, மருத்துவர் மட்டுமே பார்ப்பார் என்று நிர்வாகம் உறுதி கொடுத்தால்தான் மாணவர் வாய் திறப்பார்.

காப்பீடு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதை விசாவுக்கான ஒரு காகிதமாக மட்டுமே பார்க்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 பரிமாற்ற விசாவில் ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காகச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர 50,000 டாலர், இறந்துவிட்டால் உடலை அனுப்ப 25,000 டாலர் என்று கணக்குப் போட்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கடைசி எண்ணைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் யோசித்து எழுதிய சட்டம் அது. எந்த மலிவான பாலிசி எடுத்தாலும் மூன்று விஷயங்களைத் தேடிப் படிக்கச் சொல்வேன்: முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா, இருசக்கர வாகனம், மலையேற்றம், ஆழ்கடல் நீச்சல் விலக்கப்பட்டிருக்கிறதா, ஆஸ்பத்திரியில் நாமே முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா. ஊர் பெயர் தெரியாத நகரத்தில் இரவு இரண்டு மணிக்கு முன்பணம் கேட்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் 20 வயதுப் பிள்ளைக்கு, அந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

கள ஆய்வுக்குப் போகிறவர்களின் ஆபத்து வேறு வகை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர் ஜூலியோ ரெஜெனி, எகிப்தின் தெருவோர வியாபாரிகளின் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2016 ஜனவரி 25 அன்று கெய்ரோவில் காணாமல் போனார். பிப்ரவரி 3-ம் தேதி சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. எகிப்தியப் பாதுகாப்பு அதிகாரிகள் மீது ரோம் நகரில் அவர்கள் இல்லாமலேயே வழக்கு நடக்கிறது. 2018-ல் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்யூ ஹெட்ஜஸ் துபாய் விமான நிலையத்தில் உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, சில நாட்களில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இருவரும் செய்தது படிப்பின் வேலை. குற்றம் அவர்களை வதைத்தவர்களுடையது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நெறியாளர்கள் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இருக்கிறது. தலைப்பை அங்கீகரிக்கும் நாளில் ஆய்வு முறையைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கிறோம். யாரைப் பேட்டி எடுப்பார், குறிப்புகளை எங்கே வைப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை நமக்குச் செய்தி அனுப்புவார், அனுப்பாவிட்டால் நாம் யாரைக் கூப்பிடுவோம் என்று எவ்வளவு நேரம் பேசுகிறோம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 ஜனவரியிலிருந்து நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறது. நான்காம் நிலை என்றால் போகாதீர்கள் என்று பொருள். பல பல்கலைக்கழகங்கள் மூன்றாம் நிலை நாட்டுக்குத் தனிக் குழுவின் ஒப்புதல் கேட்கின்றன. மினசோட்டா மாநிலம் 2014-ல் சட்டமே போட்டு, வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் நேரும் மரணங்களையும் ஆஸ்பத்திரி சேர்க்கைகளையும் கல்லூரிகள் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்றது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததன் பலன் இப்படிப்பட்ட சட்டங்கள். நம் பல்கலைக்கழகங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போகிறவர்கள் எல்லோர் பெயரும் தங்கும் முகவரியும் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும். எந்த நேரத்திலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். ஏஜெண்டின் எண் அல்ல, பல்கலைக்கழகத்தின் எண். ஆளுக்கொரு அட்டையில் அந்த ஊரின் அவசர எண் இருக்கட்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, சிங்கப்பூரில் 995. இந்தியத் தூதரக எண்ணும் அதே அட்டையில்.

தடுப்பூசிக்கு நாள் கணக்கு முக்கியம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். டிக்கெட் போடும் நாளில் இதைச் சொன்னால் உதவி. பெட்டி கட்டும் நாளில் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. மலேரியா உள்ள இடமென்றால் மாத்திரையை அங்கே இருக்கும்போது மட்டுமல்ல, திரும்பி வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் மாட்டிக்கொள்ள நேரலாம்.

வழிகாட்டுதலில் அநேகமாக விட்டுப்போகும் பகுதி ஒன்று உண்டு: வீடு திரும்பிய பிறகான வாரங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவருக்கு ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால், தெருமுனை கிளினிக்கில் அது சாதாரண வைரஸ் காய்ச்சலாகவோ டெங்குவாகவோ பார்க்கப்படும். ஃபால்சிபேரம் வகை மலேரியாவாக இருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் போய் வந்தேன் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பயண ஒருங்கிணைப்பாளர்கள், மாணவர்கள் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துவைத்துவிட்டுப் பயணக் கோப்பை மூடட்டும்.